கடலடியில் உறைந்த வாயு

சேறு படிந்த குளத்தின் கரையோரத்தில் ஒரு கோலை ஊன்றிக் கிளறினால், நீரினூடே குமிழிகள் நிரை நிரையாக எழுந்து மேற்பரப்பில் உடைவதை நேயர்கள் கண்டிருப்பர். காற்றுப் படாத சேற்றினுள்ளே இலையும் தழையும் அழுகும்பொழுது பிறக்கும் வாயு அது. அதனை முதன்முதலாக முறைப்படி சேகரித்து ஆராய்ந்தவர் இத்தாலிய விஞ்ஞானியாகிய அலெசாந்திரோ வோல்ற்றா. 1776ஆம் ஆண்டிலே அவர் மாஜோரே ஏரியின் கரைச்சேற்றைக் கிளறி, எழுந்த குமிழிகளைக் கண்ணாடிக் குப்பியிற் பிடித்து, அதற்குத் தீயிட்டு, அது எரியும் தன்மையுடையது எனக் கண்டார். மெதேன் என இன்று வழங்கப்படுவது அந்த வாயுவே.

குளத்துச் சேற்றிற் பிறக்கும் இதே வாயு உலகத்துச் சமுத்திரங்களின் அடியிலும் பிறக்கின்றது. ஆனால், அங்கே அது முழுவதும் குமிழியாக எழுந்து போய்விடுவதில்லை. ஆழ்கடலின் குளிரும் அமுக்கமும் அதன் பெரும்பகுதியைப் பற்றிப் பிடித்து, நீருடன் சேர்த்துப் பனிக்கட்டி போன்றதொரு திண்மப் பொருளாக்கி, கடற்படுகையின் மண்ணினுள்ளே பூட்டி வைத்திருக்கின்றன. உலகம் வெப்பமடைந்து வருகின்ற இக்காலத்தில் அந்தப் பூட்டுத் திறந்துகொள்ளுமா? திறந்துகொண்டால் உலகின் காலநிலைக்கு யாது நேரும்? இக்கேள்வியை விஞ்ஞானிகள் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்திருக்கின்றனர். அவர்களுக்குக் கிடைத்துள்ள விடை, முதலில் எழுந்த அச்சத்துக்கு இணங்கியதன்று. அச்சமே வேண்டாம் என்று சொல்வதுமன்று.

கடலடியில் உறைந்து கிடக்கும் இப்பொருளுக்கு மெதேன் ஐதரேட்டு என்று பெயர். நீரின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கைகோத்துச் சிறு சிறு கூடுகளை அமைக்க, அக்கூடுகளினுள்ளே மெதேன் மூலக்கூறுகள் அடைபட்டுக் கிடக்கின்றன. கூட்டுக்கும் அதனுள் இருக்கும் வாயுவுக்கும் இடையில் இரசாயனப் பிணைப்பு எதுவும் இல்லை. கூடு உடையுமாயின், உள்ளே இருந்த பறவை பறந்துவிடும். ஒரு கன மீற்றர் ஐதரேட்டுச் சிதைந்தால் ஏறத்தாழ 160 கன மீற்றர் வாயு வெளிப்படும். அதன் அருகே தீக்குச்சியைக் காட்டினால் பனிக்கட்டியே எரிவது போலத் தோன்றும். எரிந்து முடிந்தபின் எஞ்சுவது நீர்.

இத்தகைய பொருள் ஒன்று உண்டு என்பது 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரியவந்தது. ஆங்கில விஞ்ஞானியாகிய ஹம்பிரி டேவி, குளோரீன் வாயுவும் நீரும் சேர்ந்து இவ்வாறு உறைவதைக் கண்டார். 1888ஆம் ஆண்டிலே பிரெஞ்சு விஞ்ஞானி வில்லார், மெதேன் வாயுவிலிருந்தும் அவ்வாறே ஐதரேட்டை ஆக்கிக் காட்டினார். அதன் பின்னரும் நெடுங்காலம் இஃது ஆய்வுகூடத்து விந்தையாகவே இருந்தது. 1934ஆம் ஆண்டிலேதான் அதன் மற்றொரு முகம் வெளிப்பட்டது. அமெரிக்காவில் இயற்கை வாயுவைக் கொண்டு செல்லும் குழாய்கள் குளிர்காலத்தில் அடைத்துக்கொண்டன. அடைத்தது வெறும் பனிக்கட்டியன்று, ஐதரேட்டே என்பதை ஹமர்ஷ்மிட் என்னும் இரசாயன அறிஞர் நிறுவினார். அதுவரை மனிதனுடைய கருவிகளுக்குள்ளே மட்டும் காணப்பட்ட அப்பொருள், இயற்கையிலேயும் மண்ணுக்கடியில் உறைந்து கிடக்கின்றது என்பதை 1960ஆம் ஆண்டுகளிற் சைபீரியாவின் வாயுப் படிவுகளை ஆராய்ந்த சோவியத் விஞ்ஞானிகள் எடுத்துரைத்தனர். அதன் பின்னரே ஆராய்ச்சி கடலை நோக்கித் திரும்பிற்று.

ஐதரேட்டு நிலைத்திருப்பதற்கு இரண்டு நிபந்தனைகள் வேண்டும். ஒன்று குளிர், மற்றொன்று அமுக்கம். ஆட்டிக் பிரதேசத்தின் குளிர்ந்த நீரில் ஏறத்தாழ 300 மீற்றர் ஆழத்திலேயே இவ்விரண்டும் பொருந்திவிடும். வெப்பமான கடல்களில் 500 அல்லது 600 மீற்றர் ஆழத்துக்குச் செல்லவேண்டும். கண்டங்களின் ஓரமாகச் சரிந்து இறங்கும் கடற்படுகையிலே, பல்லாயிரம் ஆண்டுகளாகப் படிந்த உயிர்ப்பொருள்களை நுண்ணுயிர்கள் சிதைக்க, அதனால் மெதேன் உண்டாகி, மண்ணின் நுண்ணிய இடைவெளிகளில் ஐதரேட்டாக உறைகின்றது. எனினும் இந்த உறைபடை எல்லையின்றிக் கீழே செல்வதில்லை. பூமியினுள்ளே செல்லச் செல்ல வெப்பம் மிகுதலின், சில நூறு மீற்றருக்குக் கீழே ஐதரேட்டு நிலைக்க மாட்டாது. அவ்வெல்லைக்குக் கீழே மெதேன் தனி வாயுவாகத் தங்கி நிற்கும். கப்பலிலிருந்து ஒலி அலைகளைக் கடலடிக்குச் செலுத்தினால், உறைபடை முடிந்து வாயு தொடங்கும் அவ்விடத்திலிருந்து தெளிவானதோர் எதிரொலி திரும்பி வரும். அந்த எதிரொலியே பல கடல்களில் ஐதரேட்டு இருக்குமிடத்தை அறிவித்தது.

எதிரொலியால் அறிந்ததைக் கண்ணாற் காணும் வாய்ப்பும் பின்னர்க் கிடைத்தது. 1996ஆம் ஆண்டிலே 'சொன்னே' என்னும் ஜேர்மனிய ஆராய்ச்சிக் கப்பல், அமெரிக்காவின் ஒறிகன் மாநிலக் கரைக்கு மேற்கே, ஏறக்குறைய 800 மீற்றர் ஆழத்திலிருந்து வெண்ணிற ஐதரேட்டுக் கட்டிகளை அள்ளி மேலே கொணர்ந்தது. அமுக்கமும் குளிரும் நீங்கிய அக்கட்டிகள் கப்பலின் தளத்திலேயே பொருமிச் சிதைந்தன. ஆழ்கடலில் அசைவின்றிக் கிடந்த பொருள் கடலின் மேற்பரப்பில் எவ்வளவு விரைவாகக் குலைந்து போகின்றது என்பதற்கு அக்காட்சியே போதிய சான்றாயிற்று.

இவ்வாறு உறைந்து கிடக்கும் மெதேனின் அளவு யாது? மதிப்பீடுகள் பல உண்டு. அண்மைக்கால ஆய்வுகள் கூறுவது, காபன் கணக்கில் ஏறத்தாழ 1,80,000 கோடி தொன். இன்று வளிமண்டலம் முழுவதிலும் பரந்திருக்கும் மெதேனை அதே காபன் கணக்கில் எடைபோட்டால் சுமார் 400 கோடி தொன் மட்டுமே வரும். அஃதாவது, காற்றிலே இருப்பதைப் போல நானூறு மடங்குக்கு மேற்பட்ட வாயு கடலடியிலும் துருவநாட்டு உறைநிலத்தின் அடியிலும் பூட்டுண்டு கிடக்கின்றது.

மெதேன், காபனீரொட்சைட்டைப் போலவே பூமியின் வெப்பத்தை வெளியேறவிடாது தடுக்கும் வாயு. நிறைக்கு நிறை வைத்து நோக்கினால், நூறு ஆண்டுக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப் போல ஏறக்குறைய 28 மடங்கு வெப்பமூட்டும். இருபது ஆண்டுக் கணக்கில் 80 மடங்குக்கு மேல். ஆயினும் அதன் ஆயுள் குறுகியது. காற்றிற் கலந்த மெதேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளிற் பெரும்பாலும் சிதைந்து, இறுதியிற் காபனீரொட்சைட்டாக மாறிவிடும். கொஞ்ச காலம் இருந்து கொடுமை செய்து போகும் விருந்தினன் என்று இதனைச் சொல்லலாம். காபனீரொட்சைட்டோ, வந்தால் நூற்றாண்டுகள் தங்கும் குடியிருப்பாளன்.

இத்தகைய வாயு இவ்வளவு பெருந்தொகையாகக் கடலடியிற் கிடக்கின்றது என்று அறிந்த விஞ்ஞானிகளுக்கு அச்சம் எழுந்தது இயல்பே. கடல் வெப்பமடைந்தால் ஐதரேட்டுச் சிதையும். சிதைந்தால் மெதேன் வெளிப்படும். வெளிப்பட்டால் உலகம் மேலும் வெப்பமடையும். அதனால் மேலும் ஐதரேட்டுச் சிதையும். இச்சக்கரம் ஒருமுறை சுழலத் தொடங்கினால் நிறுத்துவார் யார்?

பூமியின் பழைய வரலாற்றிலும் இதற்குச் சான்று இருப்பதாகத் தோன்றிற்று. இற்றைக்கு 5 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர், உலகின் வெப்பநிலை சில ஆயிரம் ஆண்டுகளில் ஐந்து அல்லது ஆறு பாகை உயர்ந்தது. ஆழ்கடலின் அடியில் வாழ்ந்த நுண்ணிய உயிரினங்களிற் பல அக்காலத்தில் அழிந்தொழிந்தன. அக்காலத்துக் கடற்படிவுகளிலே, உயிர்ப்பொருள்களிலிருந்து வரும் இலேசான காபன் திடீரென மிகுந்து காணப்படுகின்றது. இக்காபன் கடலடி ஐதரேட்டிலிருந்து வந்ததாகலாம் என்று 1995ஆம் ஆண்டில் ஜெரால்ட் டிக்கின்ஸ் என்பவரும் அவருடைய உடனாய்வாளரும் எடுத்துரைத்தனர். பின்னர், 2003ஆம் ஆண்டிலே ஜேம்ஸ் கெனற் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவருடன் ஆராய்ந்தோரும், கடந்த பனியுகக் காலத்தில் அடிக்கடி நேர்ந்த திடீர் வெப்பமாற்றங்களுக்கும் ஐதரேட்டே காரணம் என்றனர். குண்டு நிரப்பிய துப்பாக்கி போல ஐதரேட்டுக் கடலடியிற் காத்திருக்கின்றது. வெப்பம் விசையை அழுத்தியதும் வெடித்துவிடுகின்றது என்பது அவர்களுடைய கருத்து. துப்பாக்கி என்னும் அந்த உவமை உலகெங்கும் பரவிற்று. விஞ்ஞானம் அறியாதோரும் அதனைக் கேட்டு நடுங்கினர்.

உவமை எவ்வளவு அழகாயினும் அது சான்றாகாது. ஆதலின் அதனைச் சோதிக்கும் வழிகளை விஞ்ஞானிகள் தேடினர். வழி கிடைத்த இடம் கடல் அன்று, துருவநாட்டுப் பனிக்கட்டி. கிறீன்லாந்திலும் அந்தாட்டிக்காவிலும் ஆண்டுதோறும் பெய்த பனி அடுக்கடுக்காக இறுகும்பொழுது, அவ்வக்காலத்துக் காற்றும் சிறு குமிழிகளாக அதனுள்ளே அடைபட்டுவிடுகின்றது. அக்குமிழிகளை உடைத்து ஆராய்ந்தால், பதினாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் மனிதர் சுவாசித்த காற்றையே இன்று அளந்து பார்க்கலாம்.

பனியுகத்தின் இறுதியிலே காற்றில் மெதேன் மிகுந்தது உண்மை. அது கடலடியிலிருந்து வந்ததா, சதுப்பு நிலங்களிலிருந்து வந்ததா என்பதே கேள்வி. இதனைப் பிரித்தறியும் வழி ஒன்று உண்டு. உயிரோடு இருக்கும் தாவரங்களிலே கதிரியக்கமுள்ள காபன் சிறிதளவு இருக்கும். தாவரம் இறந்தபின் அது காலஞ் செல்லச் செல்லக் குறைந்து, ஐம்பதினாயிரம் ஆண்டுகளில் ஏறக்குறைய இல்லாதொழியும். சதுப்பு நிலத்து மெதேன் அண்மையில் வாழ்ந்த தாவரங்களிலிருந்து வருவது. அதில் அக்காபன் இருக்கும். கடலடி மெதேன் மிகப் பழையது; அதில் அஃது இராது. அந்தாட்டிக்காவின் டெயிலர் பனியாற்றிலிருந்து பெருந்தொகையான பனிக்கட்டியை வெட்டியெடுத்து, அதனுள் இருந்த காற்றை இவ்வாறு ஆராய்ந்தனர். 2017ஆம் ஆண்டிலும் 2020ஆம் ஆண்டிலும் வெளியான முடிவுகள் ஒன்றையே கூறின: பனியுக முடிவில் மிகுந்த மெதேனிற் பழைய காபனின் பங்கு மிகச் சொற்பம். கிறீன்லாந்துப் பனிக்கட்டியில் ஐதரசனின் வகைகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிடப்பட்ட முடிவும் இதற்கு இசைவாகவே இருந்தது. உலகம் பல பாகை வெப்பமடைந்த அந்தக் காலத்திலும், துப்பாக்கி வெடிக்கவில்லை.

5 கோடி 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முந்திய வெப்பக்காலம் பற்றிய கருத்தும் இப்பொழுது மாறியுள்ளது. வட அத்திலாந்திக்குப் பகுதியில் அக்காலத்தில் நிகழ்ந்த பெரும் எரிமலைக் கொந்தளிப்பே முதன்மையான காரணம் என்று அறிஞர் பலர் கருதுகின்றனர். ஐதரேட்டு அதற்குத் துணையாக நின்றிருக்கலாம். நோர்வேக்கு அப்பால், ஏறத்தாழ 8,150 ஆண்டுகளுக்கு முன்னர் ஸ்ரோறெகா என்னும் இடத்திற் கடற்படுகை பெருமளவிற் சரிந்து, அதனால் எழுந்த ஆழிப்பேரலை ஷெற்லாந்துத் தீவுகளில் 20 மீற்றருக்கு மேல் ஏறிற்று. அதற்கும் ஐதரேட்டே காரணம் என்று ஒருகாற் கூறினர். பின் வந்த ஆய்வுகள், பனியுகத்தில் விரைந்து படிந்த மண்ணின் பாரத்தையும் நிலநடுக்கத்தையுமே முதற்காரணமாகக் காட்டின.

பழங்காலம் இவ்வாறாக, நிகழ்காலச் சான்று யாது? 2008ஆம் ஆண்டிலே 'ஜேம்ஸ் கிளார்க் ரொஸ்' என்னும் பிரித்தானிய ஆராய்ச்சிக் கப்பல் நோர்வேக்கு வடக்கேயுள்ள ஸ்வால்பாட் தீவுகளின் மேற்குக் கடலிற் சென்றது. அங்கே 150 மீற்றர் முதல் 400 மீற்றர் வரையுள்ள ஆழத்தில், 250க்கு மேற்பட்ட குமிழித் தாரைகள் கடற்படுகையிலிருந்து எழுவதை அதன் ஒலிக்கருவிகள் கண்டறிந்தன. அந்தக் கடலின் நீர் முப்பது ஆண்டுகளில் ஒரு பாகை அளவு வெப்பமடைந்திருந்தது. அச்சம் மெய்யாயிற்று என்றே பலரும் எண்ணினர்.

ஆனால், ஆராய்ச்சியாளர் அவ்வளவில் நின்றுவிடவில்லை. மீண்டும் அவ்விடத்துக்குச் சென்று, குமிழி எழும் துளைகளைச் சுற்றிப் படிந்திருந்த சுண்ணக்கல் ஓடுகளை எடுத்து, அவற்றின் வயதைக் கணித்தனர். அத்தகைய ஓடு மெதேன் கசியுமிடத்தில் மெல்ல மெல்லவே வளரும். 2014ஆம் ஆண்டில் வெளியான அம்முடிவின்படி, அங்கே குறைந்தது 3,000 ஆண்டுகளாக வாயு கசிந்து வருகின்றது. அஃதாவது, மனிதர் நிலக்கரி எரிக்கத் தொடங்குவதற்கு மிக முன்னரே அக்கசிவு தொடங்கிவிட்டது. 2018ஆம் ஆண்டின் மற்றோர் ஆய்வு அதன் காரணத்தையும் விளக்கிற்று. பனியுகத்திலே பாரமான பனிக்கட்டியின் கீழ் அமிழ்ந்திருந்த நிலம், பனி நீங்கியபின் மெல்ல உயர்ந்து வந்தது. நிலம் உயரவே கடலின் ஆழம் குறைந்தது, ஆழம் குறையவே அமுக்கம் தளர்ந்தது, ஐதரேட்டுச் சிதைந்தது. 2014ஆம் ஆண்டுக் கோடையிற் கப்பலும் விமானமும் சேர்ந்து அதே கடலின் மேலுள்ள காற்றை அளந்தபொழுது, கீழிருந்து இவ்வளவு வாயு எழுந்தும், காற்றில் அதன் அடையாளம் மிக அரிதாகவே காணப்பட்டது.

எழுந்த வாயு எங்கே போயிற்று? இவ்வினாவுக்குரிய விடையில், கடல் தன்னுள் வைத்திருக்கும் காவல்கள் பல வெளிப்படுகின்றன.

முதற் காவல் மண்ணின் மந்தம். கடல்நீர் வெப்பமடைந்த உடனே அதன் அடியிலுள்ள மண் வெப்பமடைந்துவிடாது. மண்ணினூடே நூறு மீற்றர் ஆழத்துக்கு வெப்பம் ஊடுருவ நூற்றுக்கணக்கான ஆண்டுகள் செல்லும். அன்றியும், ஐதரேட்டின் பெரும்பகுதி 1,000 மீற்றருக்கு மேற்பட்ட ஆழ்கடலிலே உள்ளது. அங்கே அமுக்கம் மிகுதலின், நீர் சில பாகை வெப்பமடைந்தாலும் அது நிலைகுலையாது. கரையை அடுத்த சரிவின் மேலோரத்தில் உள்ள சிறு பங்கே எளிதிற் சிதையக்கூடியது. சிதையும்பொழுதும் ஐதரேட்டுச் சூழலிலிருந்து வெப்பத்தை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் அயலிலுள்ள மண் குளிர்ந்து, மேலும் சிதைவது தாமதமாகும்.

இரண்டாம் காவல் மண்ணில் வாழும் நுண்ணுயிர்கள். ஒட்சிசன் இல்லாத கடற்சேற்றிலே இரு வகை நுண்ணுயிர்கள் கூட்டாக வாழ்ந்து மெதேனை உண்கின்றன. 2000ஆம் ஆண்டிலே அன்ரே போயற்றியஸ் என்னும் ஜேர்மனியப் பெண் விஞ்ஞானியும் அவருடன் ஆராய்ந்தோரும், ஒறிகன் கரைக்கு அப்பாலுள்ள ஐதரேட்டுப் படுகையிலிருந்து எடுத்த சேற்றில் அக்கூட்டை நேரிற் கண்டு உலகுக்கு அறிவித்தனர். கீழிருந்து மெல்லக் கசிந்து வரும் வாயுவின் பெரும்பகுதி, கடல்நீரை எட்டுமுன்னரே அவற்றுக்கு இரையாகிவிடுகின்றது.

மூன்றாம் காவல் கடல்நீரே. ஆழத்தில் எழும் குமிழி, மேலே வரவர மெதேனை நீருக்குக் கொடுத்துவிடும். நீரிற் கரைந்த வாயுவை அங்கே வாழும் பற்றீரியா உண்ணும். 2010ஆம் ஆண்டிலே மெக்சிக்கோ வளைகுடாவில் ஓர் எண்ணெய்க் கிணறு உடைந்தது இதற்குப் பெருஞ்சோதனையாக அமைந்தது. ஏறத்தாழ 1,500 மீற்றர் ஆழத்தில் எண்ணெயுடன் மெதேனும் பெருவெள்ளமாகப் பீறிட்டது. உடைப்பை மூட இறக்கிய இரும்புக் கூண்டினுள் ஐதரேட்டு உறைந்து அடைத்துக்கொண்டமையால் அம்முயற்சியே தோல்வியுற்றது. ஆயினும், அவ்வளவு மெதேனில் கடலின் மேற்பரப்பைத் தாண்டிக் காற்றை அடைந்தது மிகச் சிறிய பங்கே என அளவைகள் காட்டின. எஞ்சியது ஆழத்திலேயே கரைந்து நின்றது. அதனை உண்ணும் பற்றீரியா அங்கே பல்கிப் பெருகிற்று.

இக்காவல்கள் எல்லா இடத்திலும் ஒருபடித்தாய் அமைந்தவை அல்ல. சைபீரியாவின் வடகிழக்கே பரந்து கிடக்கும் ஆழமற்ற கடலிலே சராசரி ஆழம் ஏறக்குறைய 50 மீற்றர் மட்டுமே. அங்கே எழும் குமிழி கரைந்து முடியுமுன் காற்றை எட்டிவிடும். அக்கடலின் அடி, பனியுகத்தில் உறைந்த தரையாக இருந்து, பின்னர் கடல் ஏறி மூழ்கியது. ருஷ்ய விஞ்ஞானிகளாகிய நத்தாலியா ஷாகோவா, ஈகோர் செமிலெற்றோவ் முதலியோர், அங்கிருந்து ஆண்டுதோறும் சுமார் 80 இலட்சம் தொன் மெதேன் வெளிவருகின்றது என்று 2010ஆம் ஆண்டில் அறிவித்தனர். 2014ஆம் ஆண்டு சுவீடன் நாட்டுப் பனியுடைக்கும் கப்பலிலிருந்து அளந்த பிறர், அதனிற் பாதிக்கும் குறைந்த அளவையே கண்டனர். அவ்வாயு ஐதரேட்டிலிருந்து வருவதா, உருகும் உறைநிலத்திலிருந்தும் அதன் கீழுள்ள பழைய வாயுத் தேக்கங்களிலிருந்தும் வருவதா என்பதிலும் விவாதம் உண்டு. எனவே, தொடர்ந்து கண்காணிக்கவேண்டிய இடம் அது.

இவை யாவற்றையும் சீர்தூக்கிய அனைத்துலகக் காலநிலைக் குழு, 2021ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையிலே, இந்நூற்றாண்டினுள் கடலடி ஐதரேட்டிலிருந்து வெளிவரும் மெதேன் உலகின் வாயுக் கணக்கைக் கண்டறியத்தக்க அளவுக்கு மாற்றுவது மிகவும் அரிது எனத் தீர்ப்புக் கூறிற்று. திடீரென வெடிக்கும் துப்பாக்கி என்னும் அச்சம் இதனால் நீங்குகின்றது.

அவ்வாறாயின் கவலை ஒழிந்ததா? ஒழிந்ததென்று கூறுதல் தவறு. மண்ணின் மந்தம் இன்று காவலாக இருக்கின்றது. நாளை அதுவே தளையாகவும் மாறும். மனிதர் வெளியிட்ட வாயுக்களாற் பூமியிற் சேர்ந்த மேலதிக வெப்பத்திலே நூற்றில் 90 பங்குக்கு மேல் கடலே ஏற்றுக்கொண்டுள்ளது. அவ்வெப்பம் மெல்ல மெல்லக் கீழே இறங்கிக் கொண்டிருக்கின்றது. மண்ணினுள் நுழைய நூற்றாண்டுகள் எடுத்த வெப்பத்தைத் திரும்ப வெளியேற்றவும் நூற்றாண்டுகள் வேண்டும். ஆதலின் ஐதரேட்டின் ஆபத்து, ஒரு நாள் இரவிலே நிகழும் விபத்து அன்று. ஆயிரம் ஆண்டுகளுக்கு நீளும் கசிவு. அதற்கான விதையை இடும் தலைமுறையும் அதன் விளைவை அறுக்கும் தலைமுறையும் வேறு வேறு. இன்றைய தலைமுறை செய்யும் தவறுக்கு, இன்னும் பிறவாத மக்கள் கடனிறுக்க நேரும். அன்றியும், நுண்ணுயிர்கள் செய்யும் தொண்டும் விலையின்றிக் கிடைப்பதன்று. நீரிற் கரைந்த மெதேனைப் பற்றீரியா உண்ணும்பொழுது ஒட்சிசன் செலவாகின்றது. காபனீரொட்சைட்டு உண்டாகிக் கடல்நீரின் அமிலத்தன்மை கூடுகின்றது. காற்று தப்பினாலும் கடல் அதன் பாரத்தைச் சுமக்கின்றது.

இவ்விடத்தில் மற்றொரு செய்தியையும் நினைவிற் கொள்ளவேண்டும். கடலடி ஐதரேட்டை ஆபத்தாக மட்டுமன்றி, எரிபொருட் களஞ்சியமாகவும் நாடுகள் நோக்குகின்றன. 2013ஆம் ஆண்டு யப்பான் தனது நங்காய்ப் பள்ளத்திலிருந்தும், 2017ஆம் ஆண்டு சீனா தென்சீனக் கடலிலிருந்தும் சோதனையாக வாயுவை எடுத்துக் காட்டின. 2006ஆம் ஆண்டு இந்தியா நடத்திய ஆய்வுப் பயணம், கிருஷ்ணா, கோதாவரி ஆறுகள் வங்காள விரிகுடாவிற் கலக்கும் கடற்பகுதியில், நூறு மீற்றருக்கு மேல் தடித்த ஐதரேட்டுப் படையைக் கண்டது. தானே வெளிவரத் தயங்கும் வாயுவை மனிதன் தோண்டியெடுத்து எரிப்பானாயின், அது காபனீரொட்சைட்டாகக் காற்றிற் சேரும். இயற்கையின் பூட்டு எவ்வளவு உறுதியாயினும், திறவுகோலை மனிதன் தானே செய்துகொண்டால் அப்பூட்டினாற் பயன் என்ன?

இனி, காற்றில் இன்று உண்மையாகவே மிகுந்துவரும் மெதேன் எங்கிருந்து வருகின்றது என்று நோக்குவது தகும். கைத்தொழிற் காலத்துக்கு முன்னர், காற்றின் நூறு கோடிப் பங்கில் மெதேன் 730 பங்கு அளவில் இருந்தது. இன்று அது 1,900 பங்கைத் தாண்டிவிட்டது. ஆண்டுதோறும் காற்றிற் சேரும் ஏறத்தாழ 60 கோடி தொன்னிலே நூற்றுக்கு 60 பங்கு மனிதர் செயலால் வருவது. நிலக்கரிச் சுரங்கங்கள், எண்ணெய்க் கிணறுகள், ஒழுகும் வாயுக் குழாய்கள், அசைபோடும் கால்நடைகள், நகரங்களின் குப்பை மேடுகள், நீர் தேங்கி நிற்கும் நெல்வயல்கள் ஆகியவையே அதன் ஊற்றுக்கண்கள். கடலடியைப் பார்த்து அஞ்சிக் கொண்டிருந்த காலத்தில், காலடியிலிருந்தே வாயு எழுந்துகொண்டிருந்தது.

இதில் ஆறுதலும் உண்டு. மெதேனின் ஆயுள் குறுகியதாகையால், அதனை இன்று குறைத்தால் அதன் பயன் பத்து இருபது ஆண்டுகளிலேயே தெரியவரும். ஒழுகும் குழாயை அடைப்பதும், குப்பை மேட்டின் வாயுவைப் பிடித்து எரிபொருளாக்குவதும் புதுமையான வித்தைகள் அல்ல. நெல்வயலில் எப்பொழுதும் நீரைத் தேக்கி வையாது, இடையிடையே வடியவிட்டு மண்ணுக்குக் காற்றுப் படச் செய்தால், விளைச்சல் பெரிதும் குறையாமலே மெதேன் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலுமோ குறையும் என்று ஆசிய நாடுகளின் வயல்களிற் செய்த சோதனைகள் காட்டியுள்ளன. 2021ஆம் ஆண்டு கிளாஸ்கோ மாநகரில் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகள் ஒன்றுகூடி, மெதேன் வெளியீட்டை 2020ஆம் ஆண்டின் அளவிலிருந்து 2030ஆம் ஆண்டுக்குள் நூற்றுக்கு 30 பங்கு குறைப்பதென உறுதி பூண்டன. உறுதி எழுத்தில் இருக்கின்றது; அதனைச் செயலாக்குவது அவ்வந்நாடுகளின் கடமை.

ஆழ்கடலின் அடியிலே உறைந்த வாயுவைப் பற்றிய ஆராய்ச்சி மனிதருக்கு இரண்டு உண்மைகளைப் புகட்டுகின்றது. தொலைவிலுள்ள பெரும் பூதத்தைக் கண்டு நடுங்குவோர், அருகிலுள்ள சிறு தீயைக் கவனியாது விடுவர் என்பது ஒன்று. பூதம் உறங்குகின்றது என்பதற்காக, அதன் படுக்கையைச் சூடாக்கிக் கொண்டிருத்தல் அறிவுடைமை ஆகாது என்பது மற்றொன்று. கடலின் குளிரும் அமுக்கமும் பல இலட்சம் ஆண்டுகளாகக் காத்துவரும் பூட்டு இன்னும் உடையவில்லை. அமுக்கம் மனிதன் கைக்கு எட்டாதது. கடலின் குளிரோ, அவன் அடுப்பிலும் ஆலையிலும் வயலிலும் செய்யும் செயல்களைப் பொறுத்தே இனி நிலைக்கும்.